ஓர் அங்கமும் தனித்து வாழ்வதில்லை

நாம் பெரும்பாலும் நோய் வந்த பிறகுதான் நம் சரீரத்தைப் பற்றிச் சிந்திக்கத் தலைப்படுகிறோம். அப்பொழுதும் அதனை முழுமையாகச் சிந்திப்பதில்லை. வயிறு சரியில்லை, முழங்கால் பிடித்துக்கொண்டது, நெஞ்சு படபடக்கிறது என்று ஒவ்வோர் அவயவத்தையும் பெயர் சொல்லிக் குறைகூறுகிறோமே ஒழிய, அந்த வயிறும் முழங்காலும் நெஞ்சும் ஒரே இரத்தத்தால் ஊட்டப்பெற்று, ஒரே நரம்பு மண்டலத்தால் ஆளப்பட்டு, ஒன்றின் நலிவால் மற்றொன்று நலிந்தும் ஒன்றின் நலத்தால் மற்றொன்று நலம்பெற்றும் வாழ்கின்றன என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. பள்ளிப் பாடப் புத்தகங்களும் இதற்கு ஓரளவு காரணமாகும். எலும்பு மண்டலம் ஓர் அத்தியாயம், ஜீரண மண்டலம் மற்றோர் அத்தியாயம், சுவாச மண்டலம் வேறோர் அத்தியாயம் என்று கற்பிப்போரின் வசதிக்காகச் செய்த பாகுபாட்டை, இயற்கையே செய்த பாகுபாடு என்று எண்ணிக்கொண்டு நாம் பள்ளியை விட்டு வெளியேறிவிடுகிறோம். மனித தேகத்தைப் பற்றி ஒருவர் அறிந்திருக்க வேண்டிய உண்மைகளுள் தலையாயது எதுவென்று கேட்டால், அதில் எத்தனை எலும்புகள் உள்ளன என்பதோ, குடலின் நீளம் எவ்வளவு என்பதோ அன்று. அதிலுள்ள அங்கங்களில் ஒன்றேனும் தனித்து வாழ்வதில்லை என்பதே அவ்வுண்மை.

அணுவும் அங்கமும்

சரீரத்தின் அமைப்பை முறையாக அறிய விரும்புவோர் கண்ணுக்குப் புலப்படாத உயிரணுவிலிருந்து தொடங்க வேண்டும். 1838-இல் ஷ்லைடன் என்னும் ஜெர்மானிய அறிஞர், தாவரங்கள் யாவும் உயிரணுக்களால் ஆனவை என்று கூறினார். மறு ஆண்டே ஷ்வான் என்பவர் விலங்குகளின் உடலும் அவ்வாறே அமைந்தது என்று எடுத்துக்காட்டினார். 1855-இல் விர்க்கோ என்ற மருத்துவ மேதை, ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவிலிருந்தே பிறக்குமன்றி வேறெவ்வகையாலும் பிறவாது என்ற கொள்கையை வலியுறுத்தினார். வளர்ந்த மனிதர் ஒருவரின் தேகத்தில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன என்பது இக்கால மதிப்பீடு. தாயின் கருப்பையில் ஒரே ஓர் அணுவாகத் தொடங்கும் உயிர் இத்துணை அணுக்களாகப் பெருகும்போது, அவை யாவும் ஒரே தன்மையனவாக இருந்துவிடாமல், தத்தம் தொழிலுக்கேற்ற வடிவமும் குணமும் பெற்றுவிடுகின்றன. முதுகின் அடிப்பகுதியிலிருந்து பாதம் வரையில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீண்டு செல்லும் நரம்பணுவும் உண்டு. பிராண வாயுவைச் சுமப்பதற்கு இடம் வேண்டித் தன் உட்கருவையே துறந்துவிட்ட இரத்தச் சிவப்பணுவும் உண்டு. உட்கருவைத் துறந்தமையால் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றலை இழந்த அச்சிவப்பணு சுமார் 120 நாட்களில் மடிகிறது; மடிந்தவற்றை ஈடுசெய்யும் பொருட்டு எலும்பு மஜ்ஜை விநாடிதோறும் ஏறத்தாழ 20 லட்சம் புதிய சிவப்பணுக்களைப் படைத்தவண்ணம் இருக்கிறது.

ஒரே தொழிலைச் செய்யும் அணுக்கள் சேர்ந்து திசுவாகின்றன. உடலின் மேற்புறத்தையும் உட்குழிவுகளையும் போர்த்தி நிற்கும் மேற்பரப்புத் திசு, அங்கங்களைப் பிணைத்துத் தாங்கும் இணைப்புத் திசு, சுருங்கி விரியும் தசைத் திசு, செய்தியைக் கொண்டுசெல்லும் நரம்புத் திசு என அவை நான்கு வகைப்படும். இந்நான்கும் ஓரிடத்தில் கூடி ஒரு காரியத்தை நிறைவேற்றும்போது அக்கூட்டத்தை அவயவம் என்கிறோம். இரைப்பையை எடுத்துக்கொள்வோம். அதன் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு, உணவைக் கரைக்கும் கடுமையான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சுரக்கிறது. அந்த அமிலம் இரைப்பையையே அரித்துவிடாதபடி காக்கும் வழவழப்பான கோழையையும் சுரக்கிறது. அப்படியும் சிதைந்துபோகும் தன் அணுக்களைச் சில நாட்களுக்கொரு முறை முழுவதும் புதுப்பித்துக்கொள்கிறது. அச்சவ்வுக்கு அடியில் இரத்தக் குழாய்கள் பின்னிக்கிடக்கும் இணைப்புத் திசுப் படலம் உள்ளது. அதற்கு அப்பால் நெடுக்கிலும் குறுக்கிலும் சாய்விலுமாக மூன்று திசைகளில் ஓடும் தசைப் படலங்கள் உணவைப் பிசைகின்றன. அப்படலங்களுக்கு இடையே நரம்பு வலைகள் அமைந்து, எப்பொழுது பிசைவது, எப்பொழுது தளர்வது என்று ஆணையிடுகின்றன. நால்வகைத் திசுக்களில் ஒன்று குறைந்தாலும் இரைப்பை வெறும் தோற்பையாகிவிடும்.

அவயவங்கள் பல ஒருங்கே சேர்ந்து ஒரு பெரும் பணியை ஆற்றும்போது அதனை மண்டலம் என்று வழங்குகிறோம். தோல், எலும்பு, தசை, நரம்பு, நாளமில்லாச் சுரப்பிகள், இரத்த ஓட்டம், நிணநீர், சுவாசம், ஜீரணம், கழிவு நீக்கம், இனப்பெருக்கம் எனப் பதினொரு மண்டலங்களைக் கணக்கிடுவது வழக்கம். ஆயினும் இந்த எல்லைக்கோடுகளை உடல் மதித்து நடப்பதாகத் தெரியவில்லை. உணவைச் செரிப்பிக்கும் நீரைக் குடலுக்குள் அனுப்பும் கணையமே, இன்சுலினை இரத்தத்துக்குள் விடும் சுரப்பியாகவும் விளங்குகிறது. கழிவை அகற்றுவதே தொழிலென்று நாம் எண்ணியிருக்கும் சிறுநீரகம், இரத்தத்தில் பிராண வாயு குறைந்தால் அதை உணர்ந்து, எலும்பு மஜ்ஜையை நோக்கி ஒரு ஹார்மோனை அனுப்பிச் சிவப்பணுக்களின் உற்பத்தியைப் பெருக்குகிறது. சிறுநீரகம் பழுதுற்ற நோயாளிகள் இரத்தசோகையால் வெளிறிப்போவதன் முக்கிய காரணம் இதுவே.

எல்லைகள் இவ்வாறு கரைந்துபோவதை நன்கு காட்டுவது நம் இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தின் வரலாறு. தேகத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தில் 100-க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எஞ்சிய சிறு பங்கே இரத்தத்திலும் தசையிலும் பிற இடங்களிலும் உலவுகிறது. ஆனால் அச்சிறு பங்கு இல்லாமல் தசை ஒழுங்காகச் சுருங்காது, இருதயம் சீராகத் துடிக்காது, வெட்டுப்பட்ட இடத்தில் இரத்தம் உறையாது. இரத்தத்தில் அதன் அளவு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இறங்கினால் கைவிரல்கள் தாமாகவே மடங்கி இறுகிக்கொள்ளும். அந்நிலை நேராதபடி, கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் நான்கு சிறு சுரப்பிகள், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சற்றுக் குறைந்ததுமே ஒரு ஹார்மோனை வெளியிடுகின்றன. அதன் ஏவலால் எலும்பு தன் சேமிப்பில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறது. சிறுநீரகம் சுண்ணாம்புச் சத்தைச் சிறுநீரில் போக்கிவிடாமல் திருப்பி எடுத்துக்கொள்வதோடு, வெயில் பட்டதனால் தோலில் உண்டான வைட்டமின் டி சத்துக்கு இறுதி வடிவமும் கொடுக்கிறது. அவ்வடிவம் பெற்ற வைட்டமின் குடலை அடைந்து, உண்ட உணவிலிருந்து சுண்ணாம்புச் சத்தை மிகுதியாக உறிஞ்சும்படி செய்கிறது. எலும்பு, சுரப்பி, சிறுநீரகம், தோல், குடல் ஆகிய ஐந்தும் ஐந்து அத்தியாயங்களுக்கு உரியவை; அவை ஆற்றிய பணியோ ஒன்று.

இரத்தம் சுழலும் வழி

இத்தனை தூரத்தில் பிரிந்து கிடக்கும் அங்கங்களை ஒன்றாக்கி வைத்திருப்பது இரத்தம். அது தேகம் முழுவதையும் சுற்றி வருகிறது என்ற செய்தி இன்று சிறுவர்க்கும் தெரிந்ததாயினும், அதை மனிதகுலம் அறிந்துகொள்ள நெடுங்காலம் பிடித்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் என்னும் கிரேக்க வைத்தியரின் போதனைப்படி, உண்ட உணவிலிருந்து கல்லீரல் ஓயாது இரத்தத்தை உண்டாக்குகிறது, அங்கங்கள் அதை ஓயாது உட்கொண்டு தீர்க்கின்றன என்றே ஐரோப்பாவின் கலாசாலைகளில் ஏறத்தாழ 1400 ஆண்டுகள் கற்பித்துவந்தார்கள். இத்தாலியிலுள்ள பாதுவா நகரில் மருத்துவம் பயின்ற வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கிலேயர் இக்கொள்கையை ஓர் எளிய பெருக்கற் கணக்கினால் தகர்த்தார். இருதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவை வேண்டுமென்றே மிகக் குறைவாக வைத்துக்கொண்டு, அரைமணி நேரத்துத் துடிப்புகளின் எண்ணிக்கையால் அதனைப் பெருக்கிப் பார்த்தபோதும், வந்த தொகை உடலிலுள்ள இரத்தம் முழுவதையும்விட மிகுதியாக இருந்தது. அவ்வளவு இரத்தத்தை எந்த உணவும் அரைமணியில் உண்டாக்க இயலாது. ஆகவே சென்ற இரத்தமே மீண்டும் வருகிறது என்று அவர் துணிந்தார்.

கணக்கோடு நின்றுவிடாமல் கண்ணாலும் காண வழி சொன்னார் ஹார்வி. மேற்கையில் ஒரு துணியை ஓரளவு இறுக்கிக் கட்டினால் முன்கையில் நீலநிறச் சிரைகள் புடைத்து எழும். அவற்றில் ஆங்காங்கே சிறு முடிச்சுகளைப்போல் தோன்றுபவை உள்ளேயுள்ள அடைப்பிதழ்கள். அத்தகைய முடிச்சு ஒன்றின்மேல் ஒரு விரலை அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் அங்கிருந்து தோளை நோக்கி அடுத்த முடிச்சு வரை சிரையை நீவி இரத்தத்தைத் தள்ளிவிட்டால், இரு முடிச்சுகளுக்கும் இடைப்பட்ட பகுதி வெறுமையாகித் தட்டையாகக் கிடக்கும். மேலேயுள்ள இரத்தம் இறங்கி வந்து அதை நிரப்பாது. அழுத்திய விரலை எடுத்தவுடனே கீழிருந்து வரும் இரத்தம் அதை நிரப்பிவிடும். சிரைகளில் இரத்தம் இருதயத்தை நோக்கி மட்டுமே செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1628-இல் ஹார்வி தம் நூலை வெளியிட்டார். தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எவ்வழியே கடக்கிறது என்பதை மட்டும் அவரால் காண முடியவில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1661-இல், மால்பிகி என்னும் இத்தாலியர் தவளையின் நுரையீரலை நுண்பெருக்கியின் கீழே வைத்துப் பார்த்து, மயிரினும் நுண்ணிய தந்துகிகளைக் கண்டு அக்குறையைத் தீர்த்தார். ஓய்ந்திருக்கும் மனிதரின் இருதயம் ஒரு துடிப்பில் ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்றால் அது சுமார் 5 லிட்டர். உடலிலுள்ள இரத்தமும் ஏறத்தாழ அவ்வளவே.

உள்ளே உள்ள நீர்

இரத்தம் இவ்வாறு ஓயாது சுழல்வது எதற்காக என்ற வினாவுக்கு ஆழ்ந்த விடை கண்டவர் 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் வாழ்ந்த கிளாட் பெர்னார். விலங்குக்கு மாமிசம் ஒன்றையே உணவாகக் கொடுத்தாலும் அதன் கல்லீரலிலிருந்து வெளிவரும் இரத்தத்தில் சர்க்கரை இருப்பதைக் கண்டு வியந்த அவர், கல்லீரல் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்துவைத்துத் தேவையறிந்து வெளியிடுகிறது என்று நிறுவினார். உணவு வந்தாலும் வராவிட்டாலும் இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறதென்றால், அதற்கு ஒரு பெருங்காரணம் இருக்கவேண்டும் என்று சிந்தித்த அவர், மனிதர் இரண்டு சூழல்களில் வாழ்கிறார் என்ற முடிவுக்கு வந்தார். வெளியே காற்றும் வெயிலும் பனியும் மாறிக்கொண்டே இருக்கும் புறச்சூழல் ஒன்று. உயிரணுக்களை நனைத்துக்கொண்டு உள்ளே நிற்கும் திரவமாகிய அகச்சூழல் மற்றொன்று. அகச்சூழல் மாறாதிருப்பதனால்தான் உயிரானது புறச்சூழலின் மாறுதல்களுக்கு அடிமையாகாமல் வாழ்கிறது என்பது அவர் கண்ட பேருண்மை.

70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 42 லிட்டர் நீர் இருக்கிறது. அதில் 28 லிட்டர் உயிரணுக்களுக்கு உள்ளேயும், 14 லிட்டர் அவற்றுக்கு வெளியேயும் நிற்கின்றன. வெளியே நிற்கும் அந்த 14 லிட்டரே பெர்னார் சொன்ன அகச்சூழல். ஊருக்கெல்லாம் ஒரே ஊருணி என்று வைத்துக்கொண்டு, ஊரார் அனைவரும் அதிலிருந்தே குடிநீர் முகந்து, அதிலேயே தம் அழுக்கையும் கழித்து, அப்படியும் அதன் தண்ணீர் நாள்தோறும் தெளிவாகவே இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நாம் நம்பமாட்டோம்; உடலிலோ ஒவ்வொரு கணமும் அதுவே நடைபெறுகிறது. ஒவ்வோர் உயிரணுவும் பிராண வாயுவையும் சர்க்கரையையும் அத்திரவத்திலிருந்து எடுத்துக்கொண்டு, கரியமில வாயுவையும் கழிவுகளையும் அதிலேயே விடுகிறது. குறைந்த பிராண வாயுவை நுரையீரல் சேர்க்கிறது. குறைந்த சத்தைக் குடலும் கல்லீரலும் சேர்க்கின்றன. மிகுந்த கழிவைச் சிறுநீரகங்கள் நீக்குகின்றன. அச்சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டும் திரவம் சுமார் 180 லிட்டர். அதில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டரைச் சிறுநீராகக் கழித்துவிட்டு, மீதி அனைத்தையும், வேண்டிய உப்பு வேண்டிய அளவில் இருக்குமாறு சரிபார்த்து, இரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன.

இச்சமநிலைக்கு ஹார்வர்டு சர்வகலாசாலையின் பேராசிரியர் வால்டர் கேனன் ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயரிட்டு, 1932-இல் அதைப் பற்றி விரிவான நூல் எழுதினார். மிகுதியும் குறைவும் ஆகிய இரண்டுமே நோய்க்குக் காரணம் என்ற கருத்தைத் திருக்குறளின் ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரத்தில் படித்துவளர்ந்த தமிழர்களுக்கு, அளவே ஆரோக்கியம் என்னும் எண்ணம் அந்நியமாகத் தோன்றாது. அந்த அளவை உடல் எவ்விதம் காத்துக்கொள்கிறது என்பதைச் சோதனைகளால் படிப்படியாக விளக்கியதே நவீன உடலியலின் பெருமை.

செய்தி செல்லும் இரு வழிகள்

சமநிலையைக் காக்க வேண்டுமானால் அங்கத்துக்கு அங்கம் செய்தி செல்ல வேண்டும். அதற்கு நரம்பு ஒன்றே வழி என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை எண்ணியிருந்தார்கள். இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த உணவு சிறுகுடலின் தொடக்கத்தை எட்டியவுடன், தள்ளியிருக்கும் கணையம் தன் செரிமான நீரைச் சுரக்கத் தொடங்குகிறது. உணவு வந்த செய்தியை நரம்புகளே கணையத்துக்கு அறிவித்தன என்பது அன்றைய நம்பிக்கை. 1902-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் லண்டன் நகரில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இரு அறிஞர்கள், மயக்க நிலையிலிருந்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு பகுதியைத் தேர்ந்துகொண்டு, அதற்குச் செல்லும் நரம்புகள் அனைத்தையும் அறுத்துவிட்டு, அதனுள் அமிலத்தை ஊற்றினார்கள். நரம்பே இல்லாதபோதும் கணையம் சுரந்தது. உடனே அவர்கள் குடலின் உட்சவ்வைச் சுரண்டியெடுத்து, அமிலத்தோடு அரைத்து வடிகட்டி, அவ்வடிநீரை நாயின் இரத்தத்தில் செலுத்தினார்கள்; கணையம் முன்னினும் மிகுதியாகச் சுரந்தது. குடல் தன் செய்தியை ஓர் இரசாயனப் பொருளாக்கி இரத்தத்தில் அனுப்புகிறது என்பது அன்று வெளிப்பட்டது. செக்ரிட்டின் என்ற அப்பொருளைப் போன்றவற்றுக்கு 1905-இல் ஸ்டார்லிங் ஹார்மோன் என்று பொதுப்பெயர் சூட்டினார். நரம்பு, விநாடிக்கு 100 மீட்டர் வரையில் விரையக்கூடிய வேகத்தில், குறித்த இடத்துக்கு மட்டும் செய்தி அனுப்புகிறது. ஹார்மோன் மெதுவாகச் சென்றாலும் உடல் முழுவதும் பரவி, தன்னை ஏற்கும் அமைப்புடைய அணுக்களையெல்லாம் தூண்டுகிறது.

இவ்விரு வழிகளும் சேர்ந்து உழைப்பதைத் திருச்சி மலைக்கோட்டையின் படிகளில் விரைந்து ஏறும் எவரும் தம் உடலிலேயே உணரலாம். முதற்படியில் கால் வைப்பதற்குள்ளேயே, ஏறப்போகிறோம் என்ற எண்ணத்தாலேயே இருதயத் துடிப்பு சற்று மிகுகிறது. ஏறத் தொடங்கியதும் தொடையிலுள்ள பெருந்தசைகள் பிராண வாயுவையும் சர்க்கரையையும் மிகுதியாகச் செலவிட்டுக் கரியமில வாயுவையும் வெப்பத்தையும் உண்டாக்குகின்றன. அவ்விடத்து இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதே சமயத்தில் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும் குழாய்கள் நரம்பின் ஆணையால் சுருங்குகின்றன. ஓய்வில் மொத்த இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கே பெற்றுவந்த தசைகள், கடும் உழைப்பின்போது ஐந்தில் நான்கு பங்குவரையில் பெற்றுக்கொள்வது இவ்வாறுதான். வயிறு நிறைய உண்டபின் ஓடக்கூடாது என்று பெரியோர் சொல்லிவைத்ததன் நியாயமும் இதில் விளங்கும். இரத்தத்தில் கரியமில வாயு சிறிது மிகுந்தாலும் மூளையின் அடிப்பகுதியிலுள்ள சுவாச மையம் அதை உணர்ந்து மூச்சை விரைவுபடுத்திவிடும்; மூச்சின் வேகத்தைப் பெரிதும் நிர்ணயிப்பது பிராண வாயுவின் குறைவு அன்று, கரியமில வாயுவின் மிகுதியே என்பதை 1905-இல் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் பிரிட்டிஷ் அறிஞர்கள் தெளிவாக்கினார்கள். இதற்கிடையில் அட்ரீனல் சுரப்பி வெளியிடும் அட்ரீனலின், கல்லீரலின் கிளைக்கோஜனைச் சர்க்கரையாக்கித் தசைக்கு அனுப்புகிறது. தோல் வியர்வையைச் சுரந்து, அது ஆவியாகும்போது உடலின் உஷ்ணத்தையும் உடன் கொண்டுபோகச் செய்கிறது. ஏறுபவர் இவற்றில் ஒன்றையேனும் எண்ணிச் செய்வதில்லை. உச்சியில் அமர்ந்து சிறிது நேரம் இளைப்பாறினால் அனைத்தும் பழைய நிலைக்குத் தாமாகவே திரும்பிவிடுகின்றன.

ஓரிடத்துக் கேடு எல்லாவிடத்துக் கேடு

நலமான உடலில் மறைந்திருக்கும் இவ்வொற்றுமை நோயுற்ற உடலில் வெட்டவெளிச்சமாகிவிடுகிறது. நம் நாட்டைப் பலமுறை பாழாக்கிய காலராவைப் பாருங்கள். 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதிசெய்த அந்நோயின் கிருமி, இருதயத்தையோ மூளையையோ தீண்டுவதில்லை. குடலின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே புகுவதுமில்லை. குடலில் இருந்தபடியே ஒரு நஞ்சை வெளியிடுகிறது. அந்நஞ்சின் செயலை 1959-இல் நிரூபித்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த சம்பு நாத் தே. நஞ்சு பட்ட குடலணுக்கள் உப்பைக் குடலுக்குள் இறைக்கின்றன. உப்பைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. கடுமையான நிலையில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரையில் நீர் போய்விடும். அதன்பின் நிகழ்வன அனைத்தும் குடலுக்கு வெளியே நிகழ்கின்றன. இரத்தம் குறைந்து கெட்டிப்படுகிறது, அழுத்தம் தாழ்கிறது, அதை ஈடுகட்ட இருதயம் விரைகிறது, தோலின் குழாய்கள் சுருங்குவதால் கைகால்கள் சில்லிட்டுப்போகின்றன, சிறுநீரகம் சிறுநீரை நிறுத்திவிடுகிறது, காரப்பொருள் மலத்தோடு போய்விட்டதால் இரத்தத்தில் அமிலம் மிகுந்து மூச்சு ஆழமாகிறது, உப்புகளின் அளவு பிறழ்வதால் தசைகள் இழுத்துக்கொள்கின்றன, இறுதியில் அறிவு மங்குகிறது. குடலில் மட்டும் தங்கிய ஒரு கிருமி, 14 லிட்டர் அகச்சூழலில் சில லிட்டரைக் கவர்ந்துகொண்டதன் விளைவு இவ்வளவும்.

அதே ஒற்றுமைதான் மருந்தையும் காட்டிக்கொடுத்தது. சிறுகுடலின் அணுக்கள் சர்க்கரையை உறிஞ்சும்போது உப்பையும் கூடவே உறிஞ்சிக்கொள்கின்றன என்ற கருத்தை 1960-இல் ராபர்ட் கிரேன் என்பவர் வெளியிட்டார். உப்பு சென்ற வழியே நீரும் செல்லும். காலராவின் நஞ்சு இந்த வழியை அடைப்பதில்லை. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்காளத்து எல்லையிலுள்ள பன்காவ் என்னும் ஊரில் அகதிகளிடையே காலரா பரவிச் சிரை வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நெருக்கடியில், டாக்டர் திலீப் மகலனோபிஸ், குளுக்கோஸும் உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர் கைகளாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். அங்கே 30 விழுக்காடு அளவில் இருந்த மரணம், அந்நீரைக் குடித்தவர்களிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பின்னர் வங்கதேசத்தில் பிராக் என்னும் தொண்டு நிறுவனத்தின் ஊழியப் பெண்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நடந்தே சென்று, இத்திரவத்தை வீட்டிலேயே தயாரிக்கும் முறையைத் தாய்மார்களுக்கு அவர்களுடைய தாய்மொழியில் கற்பித்தார்கள்.

உடலைப் பற்றிய அறிவு மக்களின் மொழியில் மக்களைச் சென்றடைய வேண்டும் என்ற எண்ணம் தமிழுக்கும் புதிதன்று. 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தம் மாணவர்களுக்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே போதித்து, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘மனுஷ சுகரணம்’ முதலிய பெருநூல்களைத் தமிழில் வெளிவரச் செய்தார். 19-ஆம் நூற்றாண்டிலேயே இது கைகூடியிருக்கும்போது, இன்று ஒரு தமிழ்க் குடும்பத்தில் இவ்வறிவு இல்லாமற்போவதற்கு மொழியைக் காரணமாகச் சொல்வது பொருந்தாது.

இவ்வறிவின் பயன் ஏட்டோடு நிற்பதன்று. இன்று நம் வீடுகளில் பரவியுள்ள சர்க்கரை நோயைக் கணையத்தின் நோய் என்றோ, இனிப்பை விட்டுவிட்டால் தீர்ந்தது என்றோ எண்ணியிருப்பவர் பலர். இன்சுலின் குறைந்தோ பயனற்றோ போவதால் அகச்சூழலில் மிகும் சர்க்கரை, ஆண்டுக்கணக்கில் கண்ணின் நுண்ணிய குழாய்களையும், சிறுநீரகத்தின் வடிகட்டிகளையும், பாதத்தின் நரம்புகளையும், இருதயத்தின் தமனிகளையும் ஓசையின்றிக் கெடுத்துவருகிறது. ஆகவே சர்க்கரை நோயுள்ளவர்கள் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்ப்பதோடு திருப்தியடைந்துவிடாமல், கண்ணையும் சிறுநீரையும் பாதத்தையும் இரத்த அழுத்தத்தையும் காலந்தவறாமல் சோதித்துக்கொள்ள வேண்டும். ஒரு நோய்க்காக மருத்துவரிடம் செல்பவர்கள், இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தாமே முடிவுசெய்துகொண்டு மற்றத் தொந்தரவுகளையும் உண்டுவரும் மருந்துகளையும் சொல்லாமல் விடலாகாது. சம்பந்தமில்லாத அங்கம் என்று ஒன்று உடலில் கிடையாது.

அனைத்தினும் மேலாக, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பதாக எண்ணிக்கொண்டு தண்ணீரையும் தாய்ப்பாலையும் நிறுத்தும் வழக்கத்தைத் தாய்மார்கள் அறவே கைவிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும், குளுக்கோஸும் உப்பும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் அச்சிட்டுள்ள அளவு நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். அது கைக்கு எட்டாத நேரத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையையும் அரைத் தேக்கரண்டி உப்பையும் தலைதட்டிய அளவாகப் போட்டுக் கரைத்துக் கொடுங்கள். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் கழிக்காவிட்டாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.